முதலில் கடைசித் தெரு

எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்கும் குடிநீர்க் குழாய் கொடுத்தாகிவிட்டது என்று அரசுக் கணக்கு சொல்கிறது. பொய்யில்லை. வாசலுக்கு வாசல் நீல பெயின்ட் அடித்த குழாய் நிற்கிறது, நானே பார்த்தேன். ஆனால் அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே தள்ளுவண்டியும் நிற்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர், கடலாடிப் பக்கத்து ஆட்களுக்கு இந்த வண்டியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்வது, குடம் உட்காருவதற்கு வளையம் வைத்தது, தள்ளுவதற்கு வாகாகக் கைப்பிடி வளைத்தது, கல்யாணமாகி வரும் மருமகளுக்கு முதல் வாரத்திலேயே பழக்கமாகிவிடுவது. குழாய் வந்த பிறகும் யாரும் வண்டியைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுத் தயாராக வைத்திருக்கிறார்கள். எனக்கு இது ரொம்ப நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டதா இல்லையா என்று கணக்கெடுக்கிறவர்கள் குழாயை எண்ணுகிறார்கள். நான் வண்டியை எண்ணச் சொல்வேன்.

குழாய்த் திட்டத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் திட்டத்தை அறிவித்தபோது நாட்டின் கிராமப்புற வீடுகளில் 17 சதவீதத்துக்குத்தான் குழாய் இருந்தது, இப்போது 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 2024-க்குள் முடிப்போம் என்றார்கள், முடியவில்லை, 2028 வரை நீட்டித்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய நாட்டில் இது சாதாரண வேலை கிடையாது. வீட்டு வாசலில் குழாய் இருப்பதன் அருமை, இருட்டோடு எழுந்து ஊத்து தோண்டிக் கொட்டாங்குச்சியில் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பியவர்களுக்குத் தெரியும். என் அப்பத்தா அந்த ஆள். பிரச்சினை குழாய் போட்ட பிறகு தொடங்குகிறது, அதைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

எங்கள் பக்கம் தண்ணீர் இரண்டு வகை. குடிக்கிற தண்ணி, புழங்குற தண்ணி. போர் போட்டால் வருவது புழங்குற தண்ணி. உப்பு. குளிக்கலாம், துவைக்கலாம் (சோப்பு நுரைக்காது, அது வேறு கதை), நாக்கில் வைக்க முடியாது. இந்தியத் தர அளவுப்படி ஒரு லிட்டர் குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகள் 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை போகலாம். எங்கள் ஊர் போர் அந்த 2,000-ஐயும் தாண்டியது. கருவி வைத்துப் பார்க்க வேண்டியதில்லை, அம்மா பருப்பை வைத்தே சொல்லிவிடுவார். பருப்பு வேகவில்லை என்றால் தொட்டியில் இன்றைக்குப் போர் தண்ணீரைக் கலந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

குடிக்கிற தண்ணி காவிரி. திருச்சிப் பக்கம் எடுத்து புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக ராமநாதபுரம் வரைக்கும் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 616 கோடி ரூபாயில் போட்டது. மூன்று மாவட்டத்து ஊர்களும் குடித்து மிஞ்சியது கடைசியில் எங்களுக்கு வரும். அந்தக் குழாய் போகும் ரோட்டோரத்தில் ஏர் வால்வு இருக்கும் இடமெல்லாம் கொஞ்சம் கசியும், கசியும் இடமெல்லாம் குடங்கள் வரிசையில் இருக்கும். வாகனத்தில் போகிறவர்கள் இறங்கி முகம் கழுவிக்கொண்டு போவார்கள். அந்தக் கசிவை அடைக்க ஆள் வந்தால் பெண்கள் மறித்துக்கொண்டு நின்றதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தன் ஊர்த் தொட்டிக்கு முறையாக வர வேண்டிய தண்ணீரைவிட ரோட்டில் ஒழுகும் தண்ணீரை அவர்கள் நம்பினார்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது. ஒழுகுவது தினமும் ஒழுகியது.

கால் மணி நேரக் கணக்கு

காவிரி முதலில் தரையடித் தொட்டிக்கு வரும். அங்கிருந்து மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து தெருக்களுக்கு. எங்கள் ஊரில் சுமார் 200 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அப்படியானால் மொத்தம் 44,000 லிட்டர் வேண்டும். தொட்டி கொள்வது 30,000 லிட்டர். அதாவது ஒன்றரைத் தொட்டி ஏற்றினால் போதும், காகிதத்தில் எல்லாம் சரி. இப்போது ஒரு வீட்டுக் குழாயை நன்றாகத் திறந்துவிட்டால் நிமிடத்துக்கு 10 லிட்டர் வரும் என்று வைத்தால், 200 வீடும் ஒரே நேரத்தில் திறக்கும்போது நிமிடத்துக்கு 2,000 லிட்டர். முழுத் தொட்டியும் கால் மணி நேரத்தில் காலி. நிஜத்தில் அப்படி நடக்காது, ஏனென்றால் தெருவில் புதைத்திருக்கும் பைப்பு அவ்வளவு தண்ணீரைக் கொண்டுபோகாது. நடப்பது என்னவென்றால், தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் வீடுகள் அண்டா, டிரம், மாட்டுத் தொட்டி எல்லாம் நிரப்பி முடிக்கும்வரை தள்ளி இருக்கும் வீடுகளில் குழாய் காற்றுதான் விடும். அவர்களுக்குத் தண்ணீர் எட்டும் நேரத்தில் தொட்டியில் அடிமட்டம் தெரியும்.

இது போதாதென்று மோட்டார் வேறு. வீட்டுக் குழாயில் அரை குதிரைத்திறன் மோட்டாரை மாட்டி உறிஞ்சுவது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை, தெரியும். அது நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வைத்தால் நமக்கு வராது, நமக்கு வராவிட்டால் நாமும் வாங்குவோம், கொஞ்ச நாளில் அந்தத் தெருவில் மோட்டார் இல்லாத வீட்டை எண்ணிவிடலாம். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பைப்பில் தண்ணீர் போதாமல் இருக்கும்போது உறிஞ்சினால் எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கிருந்து சாக்கடையும் சேர்ந்து உள்ளே வரும். எங்கள் தெருவில் பாதி வீட்டில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்த வருஷம், தொட்டியில் குளோரின் போடவில்லை என்று ஊரே சத்தம் போட்டது. மோட்டாரைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

தள்ளி இருக்கும் வீடுகள் என்று சொன்னேன் இல்லையா, அது யார் தெரு என்றும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் தொட்டி கோயில் பக்கம் இருக்கிறது. எங்கள் மேலத் தெரு அதற்கு நேர் கீழே. காலனி கடைசியில். தமிழ்நாட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். பைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை இன்ஜினியர் முடிவு செய்ததாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது அவர் பிறப்பதற்கு முன்பே முடிவான விஷயம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டிக்குள் மலம் கிடந்த செய்தி வந்த பிறகு எங்கள் ஊர்த் தொட்டி மூடிக்கும் பூட்டுப் போட்டார்கள். பூட்டு மூடிக்கு மட்டும்தான். வால்வு திறந்தேதான் கிடந்தது.

அடிபம்புக்கு இருந்த மரியாதை

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். இன்றைக்குத் துருப்பிடித்துக் கிடக்கும் அடிபம்பு, இந்தியா மார்க்-2, ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகமாகப் போடப்பட்ட கைப்பம்பு. சோலாப்பூரில் இருந்த ஒரு வடிவத்தை எடுத்து, 1970-களில் யூனிசெஃப் துணையோடு திருத்தி, கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் ஓட்டிப் பார்த்து, சென்னைத் தொழிற்சாலையில் அடித்து அனுப்பினார்கள். அதற்கு முன்பு போட்ட வார்ப்பிரும்புப் பம்புகள் சில மாதத்தில் உடைந்து கிடந்தன, ஒரு குடும்பம் அடிப்பதற்குச் செய்த பம்பை ஊரே அடித்தால் வேறென்ன ஆகும். எனக்குப் பிடித்தது பம்பின் வடிவத்தைவிட அதோடு தமிழ்நாட்டில் கொண்டுவந்த மூன்றடுக்குப் பராமரிப்பு. ஊரில் பம்பைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வண்டியோடு ஒரு குழு. போல்ட்டு தளர்ந்தால் ஊர் ஆள், அதற்கு மேல் என்றால் மெக்கானிக், குழாயையே மேலே இழுக்க வேண்டும் என்றால் வண்டி. பம்பு உடையும் என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது. இப்போது நாம் கட்டுகிற தொட்டிகளைப் பாருங்கள், திறப்பு விழாக் கல்வெட்டில் அமைச்சர் பெயர் தொடங்கி ஒப்பந்தக்காரர் பெயர் வரை இருக்கும். நாளைக்குக் காலையில் மோட்டார் போடப் போகிறவர் பெயர் இருக்காது.

எங்கள் ஊரில் அவர் எனக்கு மாமா முறை. தொட்டி ஆபரேட்டர். அறுபது தாண்டிவிட்டது. வேலை என்னவென்றால், காவிரி எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில் எழுந்து போய்த் தரையடித் தொட்டியைப் பார்ப்பது, மூன்று பேஸும் இருக்கிறதா என்று பார்த்து மோட்டாரைப் போடுவது, நிரம்பியதும் நிறுத்துவது, வால்வு திறப்பது, மூடுவது, பிளீச்சிங் பவுடர் கலப்பது, அப்புறம் ஊரார் திட்டு வாங்குவது. சம்பளத்தைச் சொன்னால் நகரத்தில் வீட்டு வேலைக்குக் கூட ஆள் கிடைக்காது, அதுவும் மாதா மாதம் வருவது கிடையாது. கேட் வால்வைத் திருகுவதற்கு இடுப்புயர இரும்புச் சாவி ஒன்று வைத்திருப்பார், மேல் முனையில் குறுக்குக் கம்பி, அவர் கை பிடித்துப் பிடித்து அந்த இடம் மட்டும் பளபளவென்று இருக்கும். எந்த வால்வு எத்தனை சுற்று என்பது அவருக்குக் கை அளவில் தெரியும். வரைபடம் எதுவும் ஊரில் கிடையாது. எந்தத் தெருவில் எந்த ஆழத்தில் எந்தப் பைப்பு போகிறது என்பது மொத்தமும் அவர் தலைக்குள் இருக்கிறது.

கிராம சபையில் ஒரு கேள்வி

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் மாவட்டம் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்துவிட்டார். தலைவர் இருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று சண்டையாவது போடலாம். தனி அலுவலருக்குப் பல ஊர்கள், அவர் வாசல் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். அந்த வருஷம் தண்ணீர் தினத்தை ஒட்டி நடந்த கிராம சபைக்கு நான் தற்செயலாக ஊரில் இருந்ததால் போனேன். வழக்கமான கூட்டம்தான், தீர்மான நோட்டில் முதலில் கையெழுத்து, அப்புறம் பேச்சு. ஊராட்சிச் செயலர் வீட்டுக் குழாய் இணைப்பு முழுமையடைந்துவிட்டது என்று வாசித்து முடித்ததும் காலனியிலிருந்து வந்த மகளிர் குழுத் தலைவி எழுந்தார்.

“சார், குழாய் இருக்கு. ஒத்துக்கிறோம். தொட்டி நெறஞ்சு நிக்கிறப்ப மேலத் தெருவத் தொறக்குறீங்க. அவுக புடிச்சு முடிச்சு, மிச்சம் மீதி கெடந்தா எங்களுக்கு. ஒரு மாசம் மாத்திப் பாருங்க. மொதல்ல கடைசித் தெரு. எல்லாத்தையும் மூடிப்புட்டு எங்கள மட்டும் தொறங்க.”

சலசலப்பு. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், “அப்ப எங்க தெருவுக்குத் தண்ணி வேணாமா? காசு கட்டித்தான இணைப்பு வாங்குனோம்?” என்றார். காசு எல்லாத் தெருவும் கட்டியதுதான், ஊருக்குள் ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு மக்கள் தர வேண்டும் என்பது திட்டத்தின் விதி. செயலர் என்ன சொல்வது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். கடைசியில், வாசல் ஓரமாகத் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்து, “நீங்க சொல்லுங்கண்ணே, முடியுமா?” என்று கேட்டார்.

மாமா எழுந்திருக்கக்கூட இல்லை. “முடியும். தொட்டியோட அடியே பத்து மீட்டர் ஒசரத்துல இருக்கு. மேலத் தெரு தொட்டிக்குக் கீழ. கால் தொட்டி கெடந்தாலும் அங்க வேகமா வரும். காலனிக்கு மத்த வால்வெல்லாம் மூடுனாத்தான் ஏறும். எனக்கு இது முன்னாடியே தெரியும்” என்றார். அப்புறம் யாரையும் பார்க்காமல், “எங்கிட்ட யாரும் கேக்கல” என்று சேர்த்துக்கொண்டார்.

நான் இத்தனை வருஷம் படித்த அறிக்கை, பார்த்த செய்தி எல்லாவற்றையும்விட அந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. ஊரில் தண்ணீர் குறைவு, அது உண்மை. ஆனால் இருந்த தண்ணீரை எந்த வரிசையில் திறப்பது என்பதைச் சட்டமோ இன்ஜினியரோ முடிவு செய்யவில்லை. யார் வந்து மாமாவிடம் சத்தம் போட முடியுமோ அவர்கள் முடிவு செய்தார்கள். பத்து மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பது பள்ளிக்கூடப் பாடம். அது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது என்று நான் நம்ப மாட்டேன்.

மறுபடி வண்டி

உடனே எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். முதல் வாரத்திலேயே ராத்திரி யாரோ வால்வைத் திறந்துவிட்டார்கள். மாமாவிடம் இருக்கும் சாவி இல்லாமல் குழாய் ரெஞ்சு வைத்துத் திருகியிருக்கிறார்கள், தண்டு வளைந்துபோய் அதைச் சரி செய்ய ஆள் தேட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு வால்வுக் குழிக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டினார்கள். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு என்று தொட்டித் தூணிலேயே பெயின்டால் எழுதினார்கள். காலை ஐந்து மணிக்குக் காலனி, அப்புறம் கீழத் தெரு, கடைசியில் நாங்கள். நேரம் எழுதியதுதான் பெரிய மாற்றம் என்று அம்மா சொல்கிறார். முன்பெல்லாம் எப்போது வரும் என்று தெரியாததால் எவ்வளவு வந்தாலும் பிடித்துவைத்தார்கள், பிடித்ததைப் பழசாகிவிட்டது என்று மறுநாள் செடிக்குக் கொட்டினார்கள். நாளைக்கு ஆறே காலுக்கு வரும் என்று தெரிந்தால் எதற்கு ஆறு டிரம் நிரப்ப வேண்டும். உறிஞ்சு மோட்டார்கள் முழுதாகப் போகவில்லை, ஆனால் ஒரு தெருவுக்குள் ஒருவர் உறிஞ்சினால் பாதிக்கப்படுவது பக்கத்து வீடு என்பதால் இப்போது சண்டை அங்கேயே நடந்து அங்கேயே முடிகிறது. ஒரு கொழுந்தியாள் வீட்டு மோட்டாரை அவர் அண்ணன் மனைவி வயரோடு பிடுங்கிக்கொண்டு போய்க் கோயில் திண்ணையில் வைத்த கதையை இங்கே விரிவாக எழுதினால் நான் ஊருக்குள் போக முடியாது.

காலனியில் ஒருவர் துணிந்து வண்டியை விற்றார். நல்ல நேரம் பார்த்து விற்றிருக்கலாம். கோடையில் மேல்நிலைத் தொட்டி மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. கரண்ட் ஒரு பேஸ் போயிருக்கிறது, ஸ்டார்ட்டர் தட்டி நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. காயில் கட்டித் தரும் கடைக்காரர் ரெண்டு நாள் வேலை என்றார். பணம்? மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தரும் நிதிக்குழு மானியத்தில் குடிநீருக்கென்றே 30 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று அப்போது விதி இருந்தது, ஊராட்சிக் கணக்கில் பணமும் இருந்தது. மதிப்பீடு போட வேண்டும், ஒப்புதல் வேண்டும், பணம் விடுவிக்க வேண்டும். ரெண்டு நாள் வேலைக்கு ஊர் கிட்டத்தட்ட மூன்று வாரம் காத்திருந்தது. லாரிக்காரர் குடம் பத்து ரூபாயிலிருந்து பதினைந்துக்குப் போனார். எல்லா வண்டியும் ரோட்டுக்கு வந்தது. வண்டி விற்றவர் தன் மச்சான் வண்டியைக் கடன் வாங்கித் தள்ளிக்கொண்டே மகளிர் குழுத் தலைவியைத் திட்டினார் என்று கேள்வி.

திட்டு வாங்கிய தலைவி அதோடு விடவில்லை. உதிரி மோட்டார் ஒன்று ஊரில் இருந்தால் எரிந்த அன்றே மாட்டலாம் இல்லையா என்று வீடு வீடாகக் கேட்டு, குழுவின் பெயரில் தனிக் கணக்கில் வசூல் செய்தார்கள். வீட்டுக்கு நூறு, இருநூறு. எங்கள் தெருவில் சிலர், அரசாங்கம் செய்ய வேண்டியதற்கு நாம் எதற்குப் பணம் தர வேண்டும் என்றார்கள். தத்துவமாக அது சரிதான். லாரிக்காரருக்குப் பதினைந்து ரூபாய் தரும்போது அந்தத் தத்துவம் எங்கே போனது என்று அம்மா கேட்டதற்குப் பதில் வரவில்லை. பழுது பார்த்த பழைய மோட்டார் ஒன்று வாங்கி ஊராட்சி அலுவலக அறையில் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். சாவி குழுவிடம் ஒன்று, மாமாவிடம் ஒன்று.

இப்போது ஊரில் ஓடும் விவகாரம் மாமாவுக்குப் பிறகு யார் என்பது. அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், இந்தச் சம்பளத்துக்குத் திரும்பி வர மாட்டார். குழுவிலிருந்து ஒரு பெண் கற்றுக்கொள்கிறேன் என்று முன்வந்திருக்கிறார், கிருமி, உப்பு, குளோரின் பார்க்கும் பெட்டியை வைத்து ஏற்கெனவே தண்ணீர் சோதிப்பவர்தான். எங்கள் தெருவில் முணுமுணுப்பு. பொம்பளை எப்படி ராத்திரி மோட்டார் போடுவாள் என்று வெளியில் சொல்கிறார்கள், எந்தத் தெருப் பொம்பளை என்பது உள்ளே இருப்பது. “நீங்க என்ன மாமா சொல்றீக?” என்று போனில் கேட்டேன். “எனக்கென்ன மாப்ள, அந்தப் புள்ள ரெண்டு வாரமா எங்கூட வருது. கீழத் தெரு வால்வு எத்தனை சுத்துன்னு சரியாச் சொல்லிருச்சு. சம்பளத்த மட்டும் மாசாமாசம் குடுக்கச் சொல்லு” என்றார். சம்பளத்துக்கு வீட்டுக்கு மாதம் முப்பது ரூபாய்க் கட்டணத்தை ஐம்பதாக்கலாம் என்று ஒரு யோசனை, அதில் பாதிப் பேருக்கு உடன்பாடில்லை. ஆகஸ்ட் 15 கிராம சபையில் இது தீர்மானத்துக்கு வருகிறது. நான் லீவு சொல்லிவிட்டேன், எங்கள் தெரு ஆட்கள் யாராவது இதைப் படித்தால் நீங்களும் வாருங்கள், ஐம்பது ரூபாய்க்கு எதிராகப் பேசுவதாக இருந்தாலும் சரி, மாமாவைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.